ஏலத்துக்குப் போன நடை மெசின்

விற்கத் தெரிந்தவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் விலைப்படாத சூடை மீனைப் பின்னேரம் அதே ஆட்களுக்கு விற்று, ‘நாளைக்கும் கொண்டு வா பிள்ளை’ என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தவள் நான். (பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டன், அதை விடுங்கோ.) அந்தப் பெயரை ஒரு மெசின் கெடுத்தது. ஒருவரும் வாங்காத சாமானைப் போலக் கனமான சாமான் இந்த உலகத்தில் கிடையாது என்பதை முப்பத்தெட்டாவது வயதில், நாரியும் முதுகும் நோக நோகக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் டொமினிக் கடலுக்குப் போகிறவர். அவருக்கு ஒரே ஒரு அக்கா, கனடாவில் இருக்கிற றீற்றா மச்சாள். மச்சாள் நல்ல மனுசி. வஞ்சகம் இல்லாமல் தருவா. தந்ததைப் பிறகு வீடியோவில் பார்க்கவும் கேட்பா. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு நாங்கள் கூரை போட்டு முடித்த வருடம், அவ கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினா. லொறியில் இருந்து இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. பிறிஜ் என்று நான் நினைத்தேன். உடுப்புத் தோய்க்கிற மெசின் என்று பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா அடித்துச் சொன்னா. பிரித்துப் பார்த்தால், நடக்கிற மெசின்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் ஒரு ரப்பர் பட்டி சுற்றிக்கொண்டிருக்கும். நாம் மேலே ஏறி நின்று நடக்க வேண்டும். எவ்வளவு நடந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்போம். பனி கொட்டுகிற நாட்டில் அது தேவைதான். எங்கள் வீட்டிலோ, விடியற்புறம் கரைவலை இழுத்து, மத்தியானம் வள்ளம் தள்ளி, பின்னேரம் வலை பொத்துகிற மனுசனுக்கு அதை வைத்து என்ன செய்வது? இருந்தாலும் அக்கா அனுப்பினது என்று இவர் ஆசையாய் ஏறி நின்று சுவிச்சைப் போட்டார். கனடாக் கரண்ட் வேறு, எங்கள் கரண்ட் வேறு என்பது எங்களுக்குத் தெரியாது. ‘டப்’ என்று ஒரு சத்தம். புகை. புஸ்பம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஜெசி, கருவாடு கருகுதோ?” என்று கேட்டா.

அன்றிலிருந்து மூன்று வருடம் அது ஓடாமல் முன் அறையின் நல்ல சுவரோடு நின்றது. கைபிடியில் துவாய் காயும். பட்டியில் மகள் அனித்தா இருந்து பாடம் எழுதுவாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அந்த ஐஸ்கிறீம் ஒபிசர் வரும் வரைக்கும்.

எங்கள் வீட்டு வாசலால்தான் பள்ளிக்கூடம் முழுக்கப் போய் வரும். அதைப் பார்த்துத்தான் எனக்கு முன் அறையில் ஒரு சின்ன ஐஸ்கிறீம் கடை போடுகிற ஆசை வந்தது. வாடைக் காற்று தொடங்கினால் கடலுக்குப் போக முடியாது. அந்த மாதங்களில் கடைக்காரரிடம் கடனைக் கொப்பியில் எழுதச் சொல்லிக் கேட்கிறபோது என் முகம் எனக்கே பிடிக்காது. ஒரு ஐஸ்கிறீம் கொம்பனி கடை வைக்கிறவர்களுக்குப் பெரிய பிறீசரைச் சும்மாவே தந்து வைக்கிறது என்று கேள்விப்பட்டு, வலியப் போய்ப் பதிந்தேன். ஒபிசர் வந்தார். அளவு நாடாவை இழுத்தார். முன் அறையில் பிளக் இருக்கிற சுவர் ஒன்றுதான். அந்தச் சுவரோடு மெசின் நின்றது.

“அக்கா, இந்த இடம் ஐஞ்சடி வெறுமையா இருந்தால் பிறீசர் உங்களுக்கு. இல்லாட்டி சந்திக் கடைக்காரர் கேட்டுக்கொண்டு நிக்கிறார். மாதா கோயில் திருவிழா முடிஞ்ச மறுநாள் திங்கட்கிழமை வாறன்” என்றார்.

மூன்று கிழமை இருந்தது. மூன்று கிழமை எதற்கு, எனக்கு மூன்று நாள் போதும் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். படுக்கையறைக்குள் தள்ளலாம் என்றால், அது பத்துக்குப் பத்து. கட்டிலும் அலுமாரியும் போக மிச்சம் இருப்பது ஒரு ஆள் நின்று உடுத்த சறத்தை மாற்றுகிற இடம். வெளியே வைத்தால் உப்புக் காற்று ஒரு மாதத்தில் தின்றுவிடும் என்று இவர் குறுக்கே நின்றார்.

“இஞ்சேர், விக்கிறதெண்டால் வில். குடுக்கிறதெண்டால் குடு. எறியிறதெண்டால் என்னையும் சேர்த்து எறி. அது என்ர அக்காவின்ர சாமான்.”

“சரி. விக்கிறன். பாத்துக்கொண்டிருங்கோ” என்றேன். (அந்த வாய்க்கு அண்டைக்கே பூட்டுப் போட்டிருக்க வேணும்.)

முன் அறையை நிறைத்த மற்றச் சாமான்கள் லேசாகப் போயின. ஸ்பிரிங் வெளியே வந்த செற்றிக் கதிரையைச் சலூன்காரர் எடுத்தார். முதுகு பெருத்த பழைய டிவியைப் பழைய இரும்பு லொறிக்காரர் எடுத்தார். அதே லொறிக்காரர் மெசினைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, குனிந்து பார்த்து, “அக்கா, இதில இரும்பைவிட ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான் கூட. ஏத்தினால் நீங்கள்தான் எனக்குக் காசு தரவேணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மோட்டர் எரிந்ததைச் சொல்லாமல் பேஸ்புக்கில் படம் போட்டேன். துவாயை எடுக்க மறந்துபோனேன். ‘துவாய் என்ன விலை?’ என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள்.

அதற்கும் அசரவில்லை. நீரிழிவுக்காரரை டொக்டர்மார் நடக்கச் சொல்கிறார்கள்தானே? ஆஸ்பத்திரியில் சுகர் கிளினிக் நடக்கிற நாளில் போய், வரிசையில் நின்றவர்களிடம் கதை கொடுத்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மட்டும் ஆர்வமாகக் கேட்டார்.

“மெசினில ஏறி நடந்தால் எவ்வளவு தூரம் போகும் பிள்ளை?”

“தூரம் போகாது ஐயா. நிண்ட இடத்திலேயேதான்.”

“நாப்பது வருசம் நடந்து நடந்து கடிதம் குடுத்தனான். ஒருக்காலும் நிண்ட இடத்தில நிக்கேல்லை. இப்ப காசு குடுத்து ஒரு இடமும் போகாமல் நடக்கச் சொல்லுறியோ?”

வரிசையே சிரித்தது. மருந்துத் துண்டு கொடுக்கிற நேர்ஸ் கூடச் சிரித்தா. நான் ஏதோ மாத்திரை வாங்க வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிறகு சும்மா கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதுதான் நான் விட்ட பெரிய பிழை. எங்கள் ஊரில் விலை சொன்னால் பேரம் பேசுவார்கள். சும்மா என்றால் பயந்துவிடுவார்கள். “ஜெசி சும்மா தாறாள் எண்டால் அதில ஏதோ கிடக்கு” என்று புஸ்பம் அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டா. (அந்தப் பழைய சூடை மீனை வாங்கினதும் அவதான்.)

இரண்டாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து, இவரைக் கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு பேருமாக மெசினை உருட்டிக்கொண்டு போய் றோட்டு ஓரத்தில் வைத்தோம்.

“இது எறியிறதுதானே?” என்றார் இவர்.

“எறியேல்லை. வைக்கிறம். ஆருக்கும் தேவையெண்டால் எடுப்பினம்.”

பூசை முடிந்து வந்து பார்த்தால் றோட்டில் மெசினைக் காணவில்லை. மாதாவே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்தால், விளையாட்டுக் கழகத்துப் பொடியள் நாலு பேர் விறாந்தையில் மெசினைச் சுற்றிக் காவல் இருக்கிறார்கள்.

“அக்கா, கள்ளர் றோட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போட்டாங்கள்! நல்ல காலம் நாங்கள் கண்டது. இல்லாட்டி போயிருக்கும்!”

வேறு என்ன செய்வது? கதவைத் திறந்து விட்டேன். பழைய இடத்திலேயே கவனமாகத் தூக்கி வைத்தார்கள். நாலு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். என் கண் கலங்கினதைப் பார்த்து நன்றியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று பின்னேரம்தான் அந்த யோசனை வந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் கடைசி நாள் பூசை முடிய ஏலம் நடக்கும். நேர்த்திக்கடன் வைத்தவர்கள் சேவல், வாழைக்குலை, பூசணிக்காய், நண்டு என்று கொண்டு வந்து கொடுப்பார்கள். அதை ஏலம் கூறி விற்று, வருகிற காசு கோயிலுக்கு. அங்கே விலை சாமானுக்கு இல்லை, மானத்துக்கு. ஒரு பலாப்பழத்துக்காக, படகும் வலையும் வைத்திருக்கிற இரண்டு சம்மாட்டிமார் மல்லுக்கட்டி, படகு எஞ்சின் விலைக்கு அதைக் கொண்டுபோனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இப்போது பேஸ்புக்கில் நேரடியாகவும் காட்டுகிறார்கள். கனடாக்காரரும் லண்டன்காரரும் நித்திரை முழித்துப் பார்த்து, போனில் ஏலம் கேட்பார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஊர் வழக்கம்: ஏலத்தில் எடுத்ததை ஒருவரும் திரும்ப விற்கமாட்டார்கள், பிறத்தியாருக்குக் கொடுக்கவும்மாட்டார்கள். அது வீட்டுக்கு வந்த ஆசீர்வாதம். ஆகவே என் மெசினை எடுக்கிறவர் செத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டு வர முடியாது! எனக்கு இருக்கிற மூளைக்கு நான் எங்கேயோ இருந்திருக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாதரிடம் போனோம். “இது... கோயிலுக்கோ?” என்று கேட்டார்.

“நேர்த்தி பாதர். இவருக்குக் கால் நோவு சுகமானதுக்கு.”

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “எனக்கு எப்ப கால் நோவு வந்தது?” என்று மெல்லக் கேட்டார்.

“வந்தது. சுகமாயிட்டுது. பேசாமல் இருங்கோ.”

பாதர் இவருடைய காலைப் பார்த்தார். இவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.

மச்சாளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவவும் நேரடி ஒளிபரப்புப் பார்ப்பா. அதனால் மெசினை அடி முதல் நுனி வரை கிறேப் பேப்பரால் சுற்றினேன். கைபிடிக்குப் பூமாலை போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் முடித்து நின்று பார்க்கையில், கலியாணப் பொம்பிளை மாதிரி இருந்தது.

ஏலம் கூறுகிறவர் சவிரியண்ணை. ஒலிவாங்கி இல்லாமலே அவருடைய குரல் நந்திக்கடலுக்கு அப்பால் கேட்கும். சேவல் போனது, வாழைக்குலை போனது, நண்டுக்கு அடிபிடி. பிறகு மெசினை நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். சனம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

“அருமையான சாமான்! வெளிநாட்டுச் சாமான்! இதில ஏறினால்...” சவிரியண்ணை குனிந்து என்னைப் பார்த்தார். “பிள்ளை, இதில ஏறினால் என்ன நடக்கும்?”

“நீங்கள்தான் நடப்பியள் அண்ணை” என்று யாரோ கத்தினார்கள். கோயில் வளவே குலுங்கிச் சிரித்தது. ஒருவன் பகிடிக்கு “நூறு ரூபாய்!” என்றான்.

“நூறு ரூபாய் ஒருதரம்...”

அதற்கு மேல் ஒரு குரலும் இல்லை. சேவலுக்கு நாலாயிரம் கேட்ட சனம் என் மெசினுக்கு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. போனால் போதும், நூறோ ஐந்தோ, போய்த் துலையட்டும் என்று செபமாலையை உருட்டினேன்.

“நூறு ரூபாய் ரெண்டுதரம்...”

அப்போது போன் பிடித்துக்கொண்டிருந்தவர் கையை உயர்த்தினார். “அண்ணை, பொறுங்கோ! கனடாவில இருந்து ஒரு கேள்வி! ஐயாயிரம்!”

சவிரியண்ணைக்கு உயிர் வந்துவிட்டது. “கனடா ஐயாயிரம்! லண்டன் நித்திரையோ? லண்டனுக்கு ரோசம் இல்லையோ?” லண்டனுக்கு ரோசம் இருந்தது. அங்கிருந்து எங்கள் ஊர் அருள் பத்து என்றார். கனடா பதினைந்து. லண்டன் இருபது. நான் இவருடைய கையைப் பிடித்து நசித்த நசிப்பில் அவருக்கு மெய்யாகவே நோவு வந்தது. நாற்பதாயிரத்தில் லண்டன் அருள், “அது என்ன சாமான்?” என்று விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“கனடா நாப்பதாயிரம், மூண்டுதரம்! எடுத்தது...” சவிரியண்ணை கடுதாசித் துண்டைப் பார்த்து வாசித்தார். “எடுத்தது றீற்றா குடும்பம், கனடா. தன்ர தம்பி டொமினிக் வீட்டுக்கு ஆசீர்வாதமாக் குடுக்கச் சொல்லியிருக்கிறா. எல்லாரும் கை தட்டுங்கோ!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்வது? மெசின் லான்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏறி, மாலையும் கழுத்துமாக, வெடி கொளுத்தி, எங்கள் வீட்டுக்கே ஊர்வலமாக வந்து சேர்ந்தது.

ஆறு மணிக்கு மச்சாள் வீடியோவில் வந்தா. முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஜெசி, உனக்குத்தான் எடுத்தனான். முந்தினது தம்பிக்கு. இது உனக்கு. ரெண்டு பேரும் சோடியா நடக்கலாம். எங்க, ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டு பாப்பம்.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் போனை வாங்கி, “அக்கா... கேக்குதோ... அக்கா...” என்று இரண்டு தரம் கத்திவிட்டுக் கட் பண்ணினார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஒபிசர் வந்தார். நல்ல சுவரோடு மெசின், மாலை கூட வாடாமல். சந்திக் கடைக்காரர் என் பிறீசரில் கைபோட்டு ஐஸ்கிறீம் எடுத்துக் கொடுப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒபிசரோ நாடாவை எடுக்காமல் மெசினையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வயிற்றைத் தடவினார்.

“அக்கா, என்னை டொக்டர் நடக்கச் சொன்னவர். எங்கட பக்கம் நாய்க் கரைச்சல், றோட்டில இறங்க ஏலாது. இது விக்கிறதோ? என்ன விலை சொல்லுறியள்?”

மூன்று கிழமை இந்த ஒரு கேள்விக்காகத்தான் நாயாய் அலைந்தேன். நேற்றுக் காலை கேட்டிருந்தால் காலில் விழுந்து கொடுத்திருப்பேன். இப்போது அது ஏலத்தில் எடுத்த சாமான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் விடுகிறவளா? கனடாவுக்குப் போன் எடுத்தேன், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக.

“மச்சாள், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு மெசின் இல்லை. ஒண்டுதான். நீங்கள் அனுப்பினதை நான்தான் ஏலத்துக்குக் குடுத்தனான். பிறீசர் வைக்க இடம் வேணும். இப்ப ஒராள் விலைக்குக் கேக்கிறார். வித்தால் உங்களுக்குக் கோவமோ?”

அந்தப் பக்கம் மூச்சு அடைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“எடியே, என்ர சின்னவன் முந்தி மெசினில ஒட்டின டைனோசர் ஸ்டிக்கர் கடுதாசிக்குள்ளால தெரிஞ்சது. எனக்கு அப்பவே விளங்கிட்டுது. உங்கட முழுசலைப் பாக்கத்தான் ரெண்டையும் காட்டச் சொன்னனான்.”

“அப்ப ஏன் மச்சாள் அவ்வளவு காசு குடுத்து எடுத்தனியள்?”

“என்ர சாமான் ஊருக்கு முன்னால நூறு ரூபாய்க்குப் போறதோ? மானம் என்னத்துக்கு ஆகிறது?” பிறகு குரலைத் தணித்தா. “ஜெசி, உனக்கொரு உண்மை சொல்லுறன். நான் அதை இஞ்ச ரெண்டு வருசம் விக்கப் பாத்தனான். ஒருத்தரும் வாங்கேல்லை. வாசலில வைச்சன். மழையில நனையுது எண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் திரும்பக் கொண்டுவந்து உள்ளுக்கு வைச்சிட்டான். அதுக்குப் பிறகுதான் உங்களுக்குப் பெட்டியில போட்டனான்.”

இவர் கதிரையில் இருந்து எழும்பி, “அக்கா!” என்றார். மூன்று வருடம் சுமந்த பாசமெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவ அந்தப் பக்கம் சிரிக்க, நான் இந்தப் பக்கம் சிரிக்க, கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடிய, “அப்ப விக்கலாம்தானே மச்சாள்?” என்று கேட்டேன்.

“ஏலத்தில எடுத்ததையோ? விசரே உனக்கு! வீட்டில வை.”

ஒபிசரின் முகம் வாடியது. எனக்கு அவரில் இரக்கப்பட நேரம் இருக்கவில்லை. “தம்பி, அரை மணித்தியாலம் தாங்கோ” என்று சொல்லிவிட்டு, கட்டிலை ஒரு சுவரோடு தள்ளி, அலுமாரியை மற்றச் சுவரோடு ஒட்டி, நானும் இவரும் மெசினைப் படுக்கையறைக்குள் இழுத்துவிட்டோம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் குறுக்காக இறுகி நின்றது. இனி மெசினில் ஏறி இறங்காமல் ஒருவரும் கட்டிலுக்குப் போக முடியாது. முன் அறைச் சுவர் ஐந்தடி ஐந்து அங்குலம் வெறுமையாக இருந்தது. ஒபிசர் அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

நாலு வருடமாக ஐஸ்கிறீம் விற்கிறேன். வாடைக் காலத்திலும் கொப்பியில் எழுதச் சொல்லிக் கடைக்குப் போனதில்லை. மெசின் இன்னும் படுக்கையறையில்தான். போன வருடம் வந்த மச்சாளும் அதில் ஏறி இறங்கித்தான் படுக்கப் போனா. எனக்கோ தோல்வியை ஒப்புக்கொள்ள மனம் இல்லை. வழக்கத்தைத் திரும்பத் திரும்ப யோசித்ததில் ஒரு வழி கண்டுபிடித்தேன். விற்கத்தான் கூடாது, பிறத்தியாருக்குக் கொடுக்கத்தான் கூடாது. மருமகன் பிறத்தியாரா? அனித்தாவுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய கலியாணத்துக்கு முதல் சீதனம் இந்த மெசின்தான் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் இவரும் மகளும் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிக்கிறார்கள்.

“அப்பிடியெண்டால் நான் கலியாணமே கட்டமாட்டன். கன்னியாஸ்திரியாப் போறன்” என்றாள் அனித்தா போன கிழமை.

“போ மேளே, சந்தோசம்” என்றேன். “மடத்துக்கு மட்டும் வெறுங்கையோட போகலாமோ?”